சிவப்புக் காது ஆமைக் குட்டி இரண்டு, நாலறை வீடு: எவ்வளவு பெரிய தொட்டி வாங்குவது?

செங்காங்வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மகனோடு படிக்கும் பையனின் குடும்பம் வெளிநாட்டுக்கு வீடு மாறிப் போகிறது. போகும்போது அவர்கள் வளர்த்த இரண்டு சிவப்புக் காது ஆமைக் குட்டிகளை எங்களிடம் கொடுத்துவிட்டார்கள். மகனுக்கு எட்டு வயது, சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. குட்டிகளோடு வந்தது நடுவில் தீவும் பிளாஸ்டிக் தென்னை மரமும் வைத்த ஒரு சின்ன டப்பா. இரண்டும் அதில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு கிடக்கின்றன, தண்ணீர் காலையில் மாற்றினால் மாலையில் நாற்றம் வருகிறது.

பக்கத்துக் கடையில் கேட்டேன். இரண்டடித் தொட்டி போதும், ஆமை தொட்டியின் அளவுக்குத்தான் வளரும் என்றார்கள். வீட்டுக்கு வந்து தேடினால் ஓட்டின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் பத்து கேலன் தண்ணீர் வேண்டும் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். கேலன் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு ஆமை என்றால் இரண்டு மடங்கா என்பதும் தெரியவில்லை.

ஒன்றின் ஓடு 5 செ.மீ., இன்னொன்று 4 செ.மீ. இருக்கும். ஹாலில் சோபாவுக்கும் அலமாரிக்கும் நடுவே சுவரோரம் 130 செ.மீ. இடம் இருக்கிறது. இப்போதைக்கு 300 சிங்கப்பூர் வெள்ளி வரை செலவு செய்யலாம். மாமியார் "ஆமை புகுந்த வீடு உருப்படுமா" என்று முதல் நாளே கேட்டுவிட்டார், நாற்றம் வராமல் வைத்துக்கொண்டால் இருக்கட்டும் என்று இப்போது இறங்கி வந்திருக்கிறார். அதனால் சரியாகச் செய்ய வேண்டும். இரண்டடி வாங்கலாமா, மூன்றடியா, நாலடியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பொங்கோல் மீன்காரர்:

எனக்கு மீன்தான் பழக்கம். ஆனாலும் அண்ணன் வீட்டு ஆமைத் தொட்டியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன். 4, 5 செ.மீ. குட்டிக்கு இரண்டடித் தொட்டி இப்போதைக்குத் தாங்கும். 60 x 30 x 36 என்றால் விளிம்பு வரைக்கும் 65 லிட்டர் பிடிக்கும். பழைய பொருள் விற்கும் கரோசல் தளத்தில் பழைய தொட்டி எப்போதும் கிடைக்கும், வளர வளர மாற்றிக்கொள்ளலாம். எடுத்த எடுப்பிலேயே பெரிய தொட்டியில் பணத்தைப் போட்டுவிட்டு, பிள்ளைக்கு ஆசை விட்டுப்போனால் என்ன செய்வீர்கள்?

---

நீர்வாசி:

மீன்காரர் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், காரணத்தோடு சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் அந்தக் கடைக்காரர் சொன்னது. தொட்டியின் அளவுக்கு ஆமை வளரும் என்பது உண்மையில்லை. சின்ன இடத்தில் அழுக்குத் தண்ணீரில் அரைகுறைச் சாப்பாட்டில் இருக்கும் ஆமை வளராமல் நின்றுபோவது உண்டு. ஆனால் அது ஓடு மெத்தென்று ஆகி, கண் வீங்கி, நோயில் நிற்பது. ஒழுங்காக வைத்தால் சிவப்புக் காது ஆமையில் ஆண் 15 முதல் 20 செ.மீ. வரை வரும், பெண் 25 முதல் 30 செ.மீ. வரை போகும். முப்பது செ.மீ. என்றால் பள்ளிக்கூட ஸ்கேலின் முழு நீளம், அதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தத் தென்னை மரத்து டப்பாவைப் பாருங்கள். ஆயுளும் அப்படித்தான், நன்றாக வைத்தால் 20 வருடத்துக்கு மேல் சாதாரணம், 30, 40 வரைக்கும் போவதுண்டு. உங்கள் பையன் தேசிய சேவை முடித்து, வேலைக்குப் போய், கல்யாணம் ஆன பிறகும் அவை இருக்கும்.

இப்போது கேலன் கணக்கு. பத்து கேலன் 38 லிட்டர். ஓர் அங்குலம் இரண்டரை செ.மீ. அப்படியானால் ஓட்டின் ஒவ்வொரு செ.மீ.க்கும் 15 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும். ஓட்டை அளக்கும்போது வளைவின் மேல் டேப் வைக்காதீர்கள், முன் விளிம்பிலிருந்து பின் விளிம்புக்கு நேர்கோட்டில் அளக்க வேண்டும். உங்கள் 5 செ.மீ. குட்டிக்கு 75 லிட்டர். 18 செ.மீ. ஆண் ஆனால் 270. 26 செ.மீ. பெண் ஆனால் 390. இரண்டாவது ஆமைக்கு முழுதாக இன்னொரு மடங்கு வேண்டாம், முதலாவதில் பாதியைச் சேர்த்தால் போதும் என்பது வழக்கம். அதன்படி பார்த்தால் இன்றைக்கே இந்த இரண்டுக்கும் 110 லிட்டர் தேவை, இரண்டடித் தொட்டி முதல் நாளிலேயே பற்றாது.

இதில் ஒரு விஷயம் பலர் கண்ணில் படுவதில்லை. அந்தக் கணக்கு தண்ணீருக்கு, கண்ணாடிக்கு இல்லை. மீன் தொட்டி மாதிரி விளிம்பு வரை ஊற்ற முடியாது, ஆமை ஏறி வெளியே விழும், 10, 15 செ.மீ. இடைவெளி விட்டுத்தான் ஊற்ற வேண்டும். 120 x 45 x 45 தொட்டி 243 லிட்டர் என்று கடையில் சொல்வார்கள், 15 செ.மீ. விட்டால் கையில் இருப்பது 160தான். வெயில் காயும் மேடையைத் தொட்டிக்கு உள்ளே வைத்தால் இன்னும் குறையும். அதனால் மேடையைத் தொட்டியின் மேலே, வெளியில் பெட்டி மாதிரி கட்டி, கீழிருந்து சரிவுப் பலகை வைத்து ஏறும்படி செய்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் தண்ணீரை ஏறக்குறைய மேல் வரைக்கும் நிரப்பலாம், அதே கண்ணாடியில் ஆமைக்கு 80 லிட்டர் வரை கூடுதலாகக் கிடைக்கும்.

லிட்டர் மட்டும் பார்த்தும் வாங்கக் கூடாது. உயரமாக, ஒடுக்கமாக இருக்கும் தொட்டியில் லிட்டர் இருக்கும், ஆமை திரும்ப இடம் இருக்காது. நீளம் ஓட்டைப் போல நான்கைந்து மடங்கு, அகலம் இரண்டு மடங்குக்குக் குறையாமல், தண்ணீரின் ஆழம் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. ஆழம் ஓட்டின் அகலத்தைவிட அதிகமாக இருந்தே ஆக வேண்டும், கவிழ்ந்த ஆமை நிமிர அந்த இடம் வேண்டும். குட்டி மூழ்கிவிடும் என்று பயந்து இரண்டு விரல் தண்ணீரில் வைக்கிறார்கள், அதுதான் தவறு. அவை பிறவியிலேயே நீந்துபவை, மூச்சு வாங்க ஏறி உட்கார ஒரு மேடை இருந்தால் போதும்.

என் முடிவு இதுதான்: இரண்டடி, மூன்றடி என்று படிப்படியாக வாங்கினால் மூன்று தொட்டி, மூன்று ஸ்டாண்டு, மூன்று ஃபில்டர். ஆமை வளரும் வேகத்துக்குப் பழைய தொட்டியை விற்று முடிப்பதற்குள் அடுத்தது வேண்டியிருக்கும். பெரிய தொட்டியில் குட்டி இருப்பதால் ஒரு கெடுதலும் இல்லை. வளர்ந்த ஆமைக்கு எது வேண்டுமோ அதை இப்போதே வாங்குங்கள், 300 வெள்ளிக்குப் பழைய நாலடி கிடைக்குமா என்று பொறுமையாகத் தேடுங்கள். அதற்கு வீட்டில் இடமில்லை என்றால், குட்டிகள் அழகாக இருக்கும் இந்த நேரத்திலேயே வேறு நல்ல வீடு தேடுவது நல்லது. பெரிதான பிறகு யாரும் வாங்க மாட்டார்கள், கடைசியில் நீர்த்தேக்கத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். பூமலை என்று நாம் சொல்லும் தாவரவியல் பூங்காக் குளத்தில் கல்மேல் அடுக்கடுக்காகக் காயும் ஆமைகளைப் பார்த்திருப்பீர்கள், அமெரிக்காவின் மிசிசிப்பி பக்கத்து ஆமை சிங்கப்பூர்க் குளத்துக்குத் தானாக வரவில்லை. இங்கே விலங்கை வெளியில் விடுவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம், முதல் முறை பிடிபட்டாலே 5,000 வெள்ளி வரை அபராதம். புண்ணியம் என்று பலர் விலங்குகளை விடும் விசாகத்தை ஒட்டித் தேசியப் பூங்காக் கழகத்தின் தொண்டூழியர்கள் நீர்த்தேக்கங்களில் நின்று எடுத்துச் சொல்வது இதற்காகத்தான்.

---

சைட்காரர்:

நான் கட்டுமானத்தில் இருக்கிறேன். நீர்வாசி சொன்ன லிட்டர் எல்லாம் சரி, அது கிலோவும்கூட என்பதை யாரும் பேசவில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ.

அக்கா, 120 x 60 x 60 தொட்டியில் 45 செ.மீ. தண்ணீர் என்றால் 324 கிலோ. கண்ணாடியே 70, 80 கிலோ வரும், ஸ்டாண்டு தனி. மொத்தம் 400ஐத் தாண்டும். அது நிற்பது முக்கால் சதுர மீட்டருக்கும் குறைவான தரையில். குடியிருப்புத் தளத்தை வடிவமைக்கும்போது வழக்கமாக எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ. அது முழு அறைக்கும் பரவலாகப் போடும் கணக்கு, ஒரே இடத்தில் அதைத் தாண்டினால் அந்த நிமிடமே தரை உடைந்துவிடும் என்று அர்த்தம் இல்லை. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வைப்பதும் சரியில்லை.

பலர் தொட்டி நீளமானால் ஆபத்து என்று நினைக்கிறார்கள். தரைக்கு முக்கியம் ஆழம். ஒவ்வொரு செ.மீ. தண்ணீரும் சதுர மீட்டருக்குப் பத்து கிலோ. 60 செ.மீ. ஆழம் வைத்தால் 600 கிலோ, 30 செ.மீ. வைத்தால் 300. நீளத்தையும் அகலத்தையும் கூட்டினால் தொட்டியின் எடை கூடும், ஆனால் அது நிற்கும் இடமும் கூடவே கூடும். ஆமைக்கும் நீந்த அகலம்தானே வேண்டும். அதனால் உயரமான தொட்டியை விட்டுவிட்டு, அகலமான, ஆழம் குறைந்த தொட்டியாகப் பாருங்கள். 120 x 60 அடிப்பரப்பில் 35 செ.மீ. தண்ணீர் என்றால் 252 லிட்டர் வருகிறது, சுமையும் குறையும்.

வைக்கும் இடம்: அறையின் நடுவில் வேண்டாம், உத்தரம் ஓடும் சுவரை ஒட்டி, நீளவாக்கில். செங்காங் வீடு என்றால் பெரும்பாலும் வீட்டுக்குள் பாதுகாப்பு அறை இருக்கும், அதன் சுவர் கான்கிரீட், அதை ஒட்டிய இடம் நல்லது. ஸ்டாண்டுக்கு நான்கு ஒல்லிக் கால் இருந்தால் எடை முழுவதும் நான்கு புள்ளியில் இறங்கும், அடியில் தடித்த பலகை போட்டுப் பரப்புங்கள். தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் ஃபோம் ஷீட் வேண்டும், சின்ன மேடு பள்ளம் இருந்தாலும் அடிக் கண்ணாடி விரிசல் விடும். 400 கிலோவுக்கு மேல் போகிறது என்றால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கிளையில் ஒரு வார்த்தை கேளுங்கள், இல்லையென்றால் தகுதிபெற்ற பொறியாளரிடம் காட்டுங்கள். கீழ்வீட்டுக்காரருக்கும் அதுதான் நிம்மதி.

---

செங்காங்வாசி:

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு எல்லாருக்கும் நன்றி. ஹாலில் சொன்ன அந்தச் சுவர் பாதுகாப்பு அறைச் சுவர்தான், தட்டிப் பார்த்தேன், கெட்டியாக இருக்கிறது.

இன்னும் சில கேள்வி. கண்ணாடித் தொட்டியே வேண்டுமா, பெரிய பிளாஸ்டிக் தொட்டி வைத்தால் ஆகாதா? மகன் பக்கவாட்டில் பார்க்க ஆசைப்படுகிறான், ஆனால் விலை பாதிக்குப் பாதி குறைகிறது. காரிடாரில் வைத்தால் வெயிலும் படும், வீட்டுக்குள் நாற்றமும் வராது என்று கணவர் சொல்கிறார். இன்னொன்று, ராத்திரி ஹாலில் ஏர்கான் ஓடும், ஹீட்டர் வாங்க வேண்டுமா?

---

அங் மோ கியோ அக்கா:

பிளாஸ்டிக் தொட்டி தாராளமாக வைக்கலாம்மா. ஆமைக்குக் கண்ணாடி தெரியாது, இடம்தான் தெரியும். நானே பெரிய தொட்டிக்குள்தான் வைத்திருக்கிறேன், பெண் ஆமை, நன்றாக இருக்கிறது. ஒன்று மட்டும் கவனி, துணிமணி வைக்கும் மூடி போட்ட பெட்டி தண்ணீர் தாங்கச் செய்தது கிடையாது, நிரப்பினால் வயிறு புடைத்துக்கொண்டு ஒரு நாள் விரியும். தடித்த சுவரும் சுருட்டிய விளிம்பும் உள்ள, மீன் பண்ணையில் தண்ணீர் நிரப்பி வைக்கிற மாதிரித் தொட்டி கேட்டு வாங்கு. பாசிர் ரிஸ் பண்ணைப் பக்கம் போனால் பார்க்கலாம். சிராங்கூன் நார்த் கடைகளிலும் கிளமெண்டியிலும் கேட்டுப் பார். பிள்ளை பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும் என்பதும் நியாயமான ஆசைதான், அதற்காகக் கண்ணாடி வாங்குவதில் தப்பில்லை, சின்னதாக வாங்காதே, அவ்வளவுதான்.

காரிடார் வேண்டாம். அது பொது இடம், ஆபத்து நேரத்தில் ஓடும் வழி, 1.2 மீட்டர் திறந்திருக்க வேண்டும், நகர மன்றத்திலிருந்து ஆள் வந்து எடுக்கச் சொல்வார்கள். அதைவிடப் பெரிய கவலை வெயில். தண்ணீர் கொஞ்சமாக இருந்தால் நம் ஊர் மத்தியான வெயிலில் சீக்கிரமே சூடேறிவிடும், ஆமை ஓடி ஒளிய இடமே இருக்காது, வெந்து செத்துப்போகும். தண்ணீர் அதிகமாக இருக்க வேண்டும் என்று மேலே தம்பிமார் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம், பெரிய தண்ணீர் சீக்கிரம் சூடாகாது, சீக்கிரம் அழுக்காகவும் ஆகாது.

வீட்டுக்குள் சன்னலோரம் வைத்தால் வெயில் படுகிறதே, விளக்கு எதற்கு என்று கேட்பாய். சன்னல் கண்ணாடி ஆமைக்கு வேண்டிய கதிரைத் தடுத்துவிடும். அந்தப் புற ஊதாக் கதிரைக் கொடுக்கும் யூவிபி விளக்கு ஒன்று, சூடு கொடுக்கும் விளக்கு ஒன்று, இரண்டும் மேடைக்கு மேலே வேண்டும். மேடை 30க்கு மேல், 33 டிகிரி மாதிரி இருக்கட்டும். யூவிபி விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் கதிர் குறைந்துகொண்டே வரும், ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மாற்றிவிட வேண்டும்.

ஏர்கான் விஷயம் முக்கியம். நம் வீட்டுத் தண்ணீர் சாதாரணமாக 27, 28 இருக்கும், ஹீட்டர் தேவையே இல்லை. ஆனால் ராத்திரி முழுக்க ஏர்கான் ஓடும் அறையில் தண்ணீர் இறங்கும், குட்டிக்கு 26க்குக் கீழே போகக் கூடாது. ஒரு தெர்மாமீட்டர் வாங்கிப் போட்டு, காலையில் எழுந்ததும் பார். குறைந்தால் ஹீட்டர் வாங்கு, ஆமை கடிக்காதபடி பிளாஸ்டிக் உறை போட்டது.

மாமியார்கிட்ட சொல்லு, நாற்றம் ஆமை உடம்பிலிருந்து வருவதில்லை, மிஞ்சிய தீனியாலும் கழிவாலும் வருகிறது. தனியாக ஒரு வாளியில் விட்டுத் தீனி போட்டுவிட்டுத் திரும்ப விட்டால் தொட்டி பாதி சுத்தமாக இருக்கும். அந்த வாளியைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதே, குளியலறையில் கழுவு. ஆமை மேல் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். அமெரிக்காவில் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமையை விற்கவே கூடாது என்று 1975ல் தடை போட்டது, சின்னப் பிள்ளைகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வாயிலும் வைத்து நோயில் விழுந்ததால்தான். பையன் தொட்ட பிறகு ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

---

பொங்கோல் மீன்காரர்:

சரி, தொட்டி பெரிது என்று முடிவாகிவிட்டது, ஃபில்டரை நான் சொல்கிறேன். ஆமை மீனைவிடப் பல மடங்கு அழுக்கு போடும். பெட்டியில் 250 லிட்டருக்கு என்று எழுதியிருந்தால் அது மீனுக்கு. ஆமைக்கு உங்கள் தண்ணீரைப் போல இரண்டு மூன்று மடங்குக்கு எழுதியதை வாங்குங்கள், தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் வகை நல்லது. தொட்டிக்குச் செலவைக் குறைத்துவிட்டு இதில் போடுங்கள்.

நம் குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லக் கலக்கும் குளோரமைன் இருக்கிறது. ராத்திரி வாளியில் பிடித்து வைத்தால் குளோரின் போகும், குளோரமைன் போகாது. ஆன்டி குளோரின் ஊற்றியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியா செத்து மறுபடி நாற்றம் தொடங்கும். வாரம் ஒரு முறை கால் பங்கு முதல் பாதி வரை தண்ணீர் மாற்றுங்கள். 250 லிட்டரில் பாதியை வாளியில் தூக்கினால் முதுகு போய்விடும், குளியலறை வரைக்கும் எட்டும் நீளத்துக்கு ஒரு ஹோஸ் வாங்கிக்கொள்ளுங்கள். அடியில் சின்னக் கூழாங்கல் வேண்டாம், விழுங்கிவிடும். வாயில் நுழையாத பெரிய கல், இல்லையென்றால் வெறும் அடி.

---

செங்காங்வாசி:

கணவரோடு உட்கார்ந்து பேசினோம். 120 x 60 அடிப்பரப்பு, பழைய கண்ணாடித் தொட்டி ஒன்றைத் தெம்பனிஸில் ஒருவர் 180 வெள்ளிக்குப் போட்டிருக்கிறார், உயரம் 50. சனிக்கிழமை போய்ப் பார்க்கிறோம், ஒழுகுகிறதா என்று அங்கேயே நிரப்பிக் காட்டச் சொல்லியிருக்கிறோம். மேடையை மேலே கட்டிக் கொடுக்க மாமனார் தயார், மரவேலை தெரிந்தவர்.

ஒரே கவலை. பெரியது சின்னதை முகத்துக்கு நேரே போய்க் கடிக்க வருகிறது. இந்த அளவுத் தொட்டியில் இரண்டும் கடைசி வரை சேர்ந்து இருக்குமா?

---

நீர்வாசி:

அந்த அடிப்பரப்பு அருமை. சிலிக்கான் ஒட்டு கறுத்தோ உரிந்தோ இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

கடைசி வரை சேர்ந்து இருக்கும் என்று நான் வாக்கு கொடுக்க மாட்டேன். இப்போது பார்வையை மறைக்கும்படி நடுவில் ஒரு மரக்கட்டையும், இரண்டு மூலையில் தனித்தனி மேடையும் வையுங்கள். ஒரே மேடைக்குத்தான் பாதிச் சண்டை. தீனியைத் தனித்தனி வாளியில் போடுங்கள், அக்கா சொன்ன யோசனை இதற்கும் உதவும். வாலிலோ காலிலோ காயம் தெரிந்தால் அன்றைக்கே பிரித்துவிட வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாது.

10 செ.மீ. தாண்டும்போது ஆணா பெண்ணா என்று தெரிய ஆரம்பிக்கும். முன்னங்கால் நகம் நீளமாக, வால் தடித்து நீண்டிருந்தால் ஆண். இரண்டும் ஆண் என்றால் இந்தத் தொட்டியில் சண்டை கூடும். ஆணும் பெண்ணும் என்றால் ஆண் விடாமல் துரத்தும். பெண் என்றால் ஆண் இல்லாமலேயே முட்டை இடும், அதற்கு மண் போட்ட இடம் வேண்டும், இல்லாவிட்டால் முட்டை உள்ளேயே தங்கிவிடும், அப்போது ஆமை பார்க்கும் விலங்கு மருத்துவரிடம்தான் ஓட வேண்டும். அந்த நேரத்தில் இரண்டாவது தொட்டிக்கு எந்தச் சுவர் என்பதை இப்போதே மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு சுவர் இல்லையென்றால், சின்னதைப் பார்த்துக்கொள்ள நல்ல வீடு ஒன்றை இந்த வருடமே தேடத் தொடங்குங்கள், பையனிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

தொட்டி வந்ததும் தண்ணீர் ஊற்றும் முன் ஸ்டாண்டில் மட்டப்பலகை வைத்துப் பாருங்கள். படம் போடுங்கள், மேடையின் சரிவு சரியா என்று பார்த்துச் சொல்கிறோம்.